பக்கத்து சீட் பிரேக்

போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் அவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யாரும் அவளிடம் பெருந்தன்மையை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் தன் பென்சிலை உடைத்த பெண்ணை எட்டாம் வகுப்பு முடியும்வரை ஞாபகம் வைத்திருந்து, பள்ளியின் கடைசி நாளன்று அவள் பென்சிலையும் உடைத்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் நாற்பது வருடம் ஓடிவிட்டது. உடம்பு பெருத்துவிட்டது, முன்முடி நரைத்துவிட்டது, குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவள் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர் மாஸ்டரக்கா. இருபத்தாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறாள். பயிற்சிக் கார் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தாக வேண்டும். ஓட்டுகிறவரின் பிரேக்கிலிருந்து ஒரு இரும்புக் கம்பி தரையோடு குறுக்கே வந்து இவள் பெடலில் சேரும். கம்பியையும் பெடலையும் இணைப்பது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின். அந்தப் பின் நழுவி விழாமல் அதன் நுனியில் ஒரு கிளிப். அவ்வளவுதான் சமாசாரம். இதுவரை எண்ணூறு பேர் அவளிடம் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்றால் அது அந்தப் பின்னும் கிளிப்பும் அவள் காலும் சேர்ந்து பார்த்த வேலை.

அந்த சீட்டில் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் பிடிபடும். எதிரே லாரி வந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட அமுக்கமான ஆளும் உண்மையைத்தான் கத்துவான். ஒரு பேங்க் மேனேஜர், பின் சீட்டில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்க, திருப்பத்தில் தண்ணீர் லாரியைப் பார்த்ததும் "நான்தான்டி உன் வளையலை வித்தேன்!" என்று அலறினார். லாரி அது பாட்டுக்கு ஒதுங்கிப் போய்விட்டது. வளையல் விவகாரம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

சரி, கதைக்கு வருவோம். ஏசித் தண்ணீர் காருக்குள்ளேயே சொட்டி, அவள் காலடியில் இருந்த விரிப்பு ஊறி நாறத் தொடங்கியது. கார் வாங்கிய ஷோரூமின் சர்வீஸ் சென்டரிலேயே விட்டாள். இரண்டு மணி நேர வேலை என்றார்கள், இரண்டு நாள் ஆனது. தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள்; அதைத் தாண்டி கஸ்டமர் உள்ளே போகக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணாடி மேசை, குளிர்ந்த காற்று, பிளாஸ்டிக் செடி. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும்.

சர்வீஸ் மேனேஜர் வருவதற்கு முன்னால் அவன் போட்டிருக்கும் சென்ட் வந்துவிடும். மணிக்கட்டு வரை வெள்ளை வெளேர் என்று சட்டை, மடிப்புக் கலையாமல். கார்களுக்கு நடுவில் நாள் முழுக்க இருந்தும் ஒரு மனிதன் கையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லையென்றால் என்ன அர்த்தம்? மாஸ்டரக்கா மனதுக்குள் அவனுக்கு வைத்த பெயர் சென்ட் பாட்டில்.

"விரிப்பை எடுக்கணும்னா என் பக்கத்துப் பெடல் கம்பியைக் கழட்டித்தான ஆகணும்? திரும்ப மாட்டினப்ப கிளிப் போட்டாங்களான்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

"அந்தக் கம்பியைத் தொடவே இல்ல மேடம். விரிப்பை ஓரமா தூக்கிப் புடிச்சே காய வெச்சுட்டாங்க."

"தொடவே இல்லயா?"

"தொடவே இல்ல. நான்தான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கியது. குனிந்து கிளிப்பையும் பார்த்திருக்கலாம். கற்றுக்கொள்ள அடுத்த ஆள் காத்திருந்தார், நேரமாகிவிட்டது, இடுப்பு வேறு வலித்தது. குனியவில்லை. இந்த ஒன்றை அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே மட்டும் அதன் பிறகு தினமும் சொல்லிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். கம்பியைக் கழற்றினார்கள். பின்னைத் திரும்பச் செருகினார்கள். கிளிப் போடவில்லை. கிளிப் இல்லாத பின் ஒரு நாள் நிற்கும், இரண்டு நாள் நிற்கும். மேடு பள்ளத்தில் கார் குலுங்கக் குலுங்க இம்மி இம்மியாக வெளியே வரும். தினமும் காலையில் அவள் மிதித்துப் பார்த்தபோதெல்லாம் வேலை செய்தது. நான்காம் நாள் காலையிலும் வேலை செய்தது.

நான்காம் நாள் வந்தவள் ஒரு டெய்லர். நாற்பத்தாறு வயது. தைத்த துணிகளை மூட்டை கட்டி, பஸ்ஸில் இடிபட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து அலுத்துப்போனவள். கார் ஓட்டுவதென்றால் குலை நடுக்கம். ஐந்து வருடம் யோசித்துவிட்டு வந்திருந்தாள். பயிற்சியில் சேர்ந்த முதல் நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே "அக்கா, நான் எதையாவது பண்ணித் தொலைச்சிட்டேன்னா?" என்று கேட்டாள். மாஸ்டரக்கா தன் காலடிப் பெடலைத் தட்டிக் காட்டினாள். "நீ என்ன வேணா பண்ணு. நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்? என் கால் இருக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் ஓட்டினாள்.

மார்க்கெட்டுக்கு இறங்கும் சாலையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. டெய்லர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற காரியம். அதற்குத்தான் பக்கத்து சீட்டில் ஒரு ஆள். மாஸ்டரக்கா மிதித்தாள். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையில் போய்ப் படுத்தது. மறுபடி மிதித்தாள். இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தது போலிருந்தது. முதுகைச் சீட்டின் சாய்மானத்தில் முட்டுக்கொடுத்து, சீட்டை விட்டு எழும்பி மொத்த உடம்பையும் காலில் போட்டு மிதித்தாள். ஒன்றுமில்லை. கைப்பிரேக்கை இழுத்து ஸ்டீயரிங்கை ஒடித்தாள். கார் பஸ் ஸ்டாப் தூணில் மோதி நின்றது.

நிறுத்தத்தில் யாருமில்லை, அந்த மட்டும் நல்லதாகப் போயிற்று. காரின் மூக்கு நொறுங்கிப் போனது. டெய்லரின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கத்தரி பிடிக்கிற கை.

இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சர்வீஸ் சென்டர் வண்டி வந்து காரைக் கட்டி இழுத்துப் போய்விட்டது. இன்சூரன்ஸ் அவர்கள் மூலம்தானே.

லைசென்ஸ் ஆபீசிலிருந்து விசாரிக்க ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் டெய்லர் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் மாஸ்டரக்கா, நெற்றியில் நாலு தையலோடு, நாற்காலியில். டெய்லர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "அக்கா பிரேக் புடிக்கல சார். புடிச்சிருந்தா வண்டி நின்னிருக்கும்ல? என் கால் இருக்குன்னு சொன்னாங்க. புடிக்கவே இல்ல."

தையல் போட்டபோதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

ஒரு வாரத்தில் சர்வீஸ் சென்டரின் கடிதம் ஆபீசுக்குப் போய்விட்டது. பயிற்சியாளர் பக்கத்துப் பெடல் இணைப்பை எங்கள் ஊழியர்கள் எந்தக் கட்டத்திலும் தொடவில்லை, விபத்துக்குப் பின் பரிசோதித்ததில் அது சரியாகவே இயங்குகிறது, இப்படிக்கு. கீழே சென்ட் பாட்டிலின் கையெழுத்து, பூப்போட்ட மாதிரி. ஆபீசிலிருந்து ஒரு சின்ன அதிகாரி போய் மிதித்துப் பார்த்து, ஆமாம் இயங்குகிறது என்று எழுதிவிட்டு வந்தார். மாஸ்டரக்காவின் பயிற்சி லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். காரணம்: ஆபத்து நேரத்தில் பிரேக்கைப் பயன்படுத்தத் தவறியது.

அவள் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போனாள். என்ன மரியாதை அன்றைக்கு! மஞ்சள் கோட்டைத் தாண்டி அவனே அழைத்துப் போனான். காரின் கதவைத் திறந்துவிட்டான். அவள் இந்த முறை குனிந்தாள். மண்டியே போட்டாள். கம்பியில் ஏழு வருடத்து அழுக்கும் கறுப்பும். அதன் நுனியில் பின். பின்னின் நுனியில் கிளிப் மட்டும் பளபளவென்று, அப்போதுதான் பொட்டலத்திலிருந்து எடுத்த மாதிரி.

"இது புதுசு," என்றாள்.

"எது மேடம்?"

"இந்தக் கிளிப்பு. கார் வந்ததுக்கப்புறம் யாரோ போட்டிருக்கீங்க."

"ஐயோ மேடம்," என்று சிரித்தான். "நாங்கதான் அதைத் தொடவே இல்லன்னு எழுதியே குடுத்துட்டமே. பதட்டத்துல நீங்க மிதிக்க மறந்திருப்பீங்க. வயசாகுதுல்ல, சகஜம்தான்." சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். "உங்க மனக்கஷ்டத்துக்கு எங்க சார்பா ஒரு இலவச வாட்டர் வாஷ்."

அவள் அந்த அட்டையை வாங்கிக்கொண்டாள். கிழித்து எறிவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். கிழிக்கவில்லை. பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பென்சில் உடைத்த பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், மாஸ்டரக்கா சத்தம் போடாமல் போனால் என்ன ஆகும் என்று.

அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பின்னும் கிளிப்பும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தவனிடம், தான் குனியாத ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்தப் பழைய பின்னு வண்டிக்குள்ளயேதான் எங்கயாவது விழுந்து கிடந்திருக்கும்," என்றான் தம்பி, சோற்றைப் பிசைந்தபடி. "எடுத்து மாட்டி, கிளிப்பைப் போட்டு, கையைத் துடைச்சிட்டானுங்க. இனிமே நீ என்ன கத்தினாலும் எடுபடாதுக்கா. புதுக் கிளிப்பு ஒரு சாட்சியா? போன மாசம் போட்டதும்பான்."

"அதனாலதான் அவன் வாயாலயே வரணும்."

"எப்படி வரும்? அவன் கல்லுளிமங்கன்."

"மறு பரிசோதனை கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். பிரேக் சரியா இருக்குன்னு கடிதம் குடுத்தவன் நேர்ல வந்தாகணும், பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் ஓடுதுன்னு காட்டணும். அப்படி ரூல் இருக்கு, நான் படிச்சுப் பாத்துட்டேன். இன்ஸ்பெக்டர் பின் சீட்ல உக்காருவார். நான் ஓட்டுவேன்."

"சரி. பிரேக் ஓடும். அவன் ஜம்முனு காட்டிட்டு எறங்கிப் போவான்."

"ஓடாது. காலைல நான் பின்னைக் கழட்டிருவேன்."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். "அக்கா, உனக்கு என்ன பைத்தியமா?"

"நான் ஓட்டற பக்கத்துப் பிரேக்குக்கு அதனால ஒண்ணும் ஆகாதுடா. ஓட்டறவ பிரேக்கு தனி. நான் நெனச்ச எடத்துல நிறுத்துவேன். அந்த கிரவுண்டு சரிவு எனக்கு வீட்டு வாசல் மாதிரி. அடியில டயரு அடுக்கி வெச்சிருக்கு, மெத்தை கணக்கா."

"அது இல்லக்கா. அவன் கத்துவான், ஒத்துக்கறேன். ஆனா என்ன கத்துவான்னு உனக்கு எப்படித் தெரியும்? 'அம்மா'ன்னு கத்திட்டான்னா?"

"இருபத்தாறு வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். உயிர் பயத்துல எவனும் பொய் சொல்ல மாட்டான்டா. பொய் சொல்ல நேரம் வேணும்." அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "அவனுக்கும் ஒரு வாய்ப்பு குடுப்பேன். ஏறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருன்னு சொல்லுவேன். பாத்தான்னா பொழச்சான்."

"பாத்துட்டா நீ மாட்டுவ."

"பாக்க மாட்டான். சட்டை அழுக்காயிடும்."

தம்பி கை கழுவிக்கொண்டு வந்து, கிளிப்பை எந்தப் பக்கம் நெம்பினால் சுலபமாகக் கழலும் என்று மேசை மேல் விரலால் வரைந்து காட்டினான். அக்காவைத் தடுக்க முடியாதென்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பரிசோதனை நாளன்று நல்ல வெயில். லைசென்ஸ் ஆபீசின் பின்பக்க மைதானம். எட்டுப் போடுகிற இடம், அதைத் தாண்டி ஒரு செயற்கைச் சரிவு, சரிவின் அடியில் வெள்ளை அடித்த பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு. பழுது பார்த்துத் திரும்பி வந்திருந்த காரை மாஸ்டரக்கா மேட்டின் உச்சியில் நிறுத்தியிருந்தாள். பின்னும் கிளிப்பும் அவள் சட்டைப் பையில், இலவச வாட்டர் வாஷ் அட்டைக்குள் மடிக்கப்பட்டு இருந்தன.

இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற ஏழு மாதம் பாக்கி இருந்தவர். தடித்த கண்ணாடி, கக்கத்தில் ஃபைல், எதிலும் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரம். "ஏம்மா, ஒரு தடவைதான் பாத்தாச்சே. திரும்ப என்னத்துக்கு?" என்று அலுத்துக்கொண்டார்.

"என் திருப்திக்கு சார்."

சென்ட் முதலில் வந்தது, பின்னால் அவன் வந்தான். இன்றைக்கு வெள்ளையிலும் வெள்ளையாக ஒரு சட்டை. இன்ஸ்பெக்டருக்கு ஒரு பெரிய வணக்கம் போட்டான். மாஸ்டரக்காவைப் பார்த்து, பாவம் கிழவி என்பது போலத் தலையசைத்தான்.

"நீங்க எழுதிக் குடுத்தது இதுதான?" என்று இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். "இணைப்பைத் தொடவே இல்ல. நல்லா ஓடுது."

"ஆமா சார். நாங்க தொடவும் இல்ல, தொடவேண்டிய அவசியமும் இல்ல. இன்னைக்குக் காலைலயும் நானே செக் பண்ணிட்டேன்."

கார் காலையில் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. வாய் கூசாமல் சொல்கிறானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அந்த இடத்தில் போய்விட்டது.

"சார், ஏறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்துடுங்க," என்றாள் அவனிடம். குரலை நன்றாக உயர்த்தி, இன்ஸ்பெக்டர் காதில் விழும்படி. "அந்தப் பின்னையும் கிளிப்பையும்."

"தேவையில்ல மேடம்."

"பாத்துட்டா நல்லது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மேடம், எனக்கு என் வேலை தெரியும்." சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, போனை எடுத்துக்கொண்டான். பளபளத்த ஷூ பெடலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் ஏறினார். "கிளம்பும்மா. சரிவுல பாதி வந்ததும் நான் சொல்லுவேன். சார், நீங்க பிரேக் புடிங்க. இந்தம்மா தன் பிரேக்கைத் தொடக் கூடாது. சரியா?"

"தொட மாட்டேன் சார்," என்றாள் மாஸ்டரக்கா, மிக அடக்கமாக.

கார் இறங்கத் தொடங்கியது. சரிவு மேலிருந்து பார்க்க சாதுவாகத்தான் தெரியும். கார் தானாகவே வேகம் பிடித்துக்கொள்ளும். அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, நேராகப் பார்த்தாள். டயர்ச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ம், புடிங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

சென்ட் பாட்டில் காலை நீட்டி, அலட்சியமாக மிதித்தான். பெடல் தரையில் படுத்தது. இன்னொரு முறை மிதித்தான். போன் மடியிலிருந்து விழுந்தது. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

"பிரேக்! மேடம், பிரேக்!"

"பிரேக் உங்ககிட்ட இருக்கு சார். நல்லா மிதிங்க."

இரண்டு காலாலும் மிதித்தான். சீட்டை விட்டு எழும்பி, தலை கூரையில் முட்ட, டாஷ்போர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதித்தான். "பிடிக்கலையே! பின்னு! பின்னு கழண்டிருச்சு சார்! நான் போட்டேனே! ஆக்சிடென்டாகி வந்த அன்னைக்கே நானே புதுக் கிளிப்பு போட்டு மாட்டினேனே! பசங்க மறந்துட்டானுங்கன்னு நானே என் கையால மாட்டினேனே சார்!"

அவ்வளவுதான். வேண்டியது வந்துவிட்டது. முழுதாக, சுத்தமாக, ஒரு எழுத்து குறையாமல். டயர்களுக்கு இன்னும் இருபது அடிக்கு மேல் இருந்தது, அந்த நொடியிலேயே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 'வயசாகுதுல்ல' என்றவன் குழந்தை மாதிரி வீறிடுவதைக் கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் விட்டாள். பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரும் "யம்மா, யம்மா" என்று அவள் தோளைத் தட்டினார். கடைசியில்தான் மிதித்தாள். கார் கிரீச்சிட்டு, டயர்களை மெதுவாக ஒரு முட்டு முட்டி நின்றது.

காருக்குள் சென்ட் வாசனை போய், வேர்வை வாசனை வந்திருந்தது. மாஸ்டரக்கா பையிலிருந்து அட்டையை எடுத்துப் பிரித்து, பின்னையும் கிளிப்பையும் டாஷ்போர்டின் மேல் வைத்தாள்.

"காலைல நான்தான் கழட்டினேன் சார்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "ஆனா தொடவே இல்லன்னு எழுதிக் குடுத்தவரு எப்ப மாட்டினாராம், கேளுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதலில் அவளைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். என் உயிரை வெச்சா விளையாடற, ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகறவன் நான், உன்னை உள்ள தள்ளணும். எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினார். அவனிடம் அவர் சத்தமே போடவில்லை. ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, காரின் பானட் மேல் வைத்து, "என்ன கத்தினியோ அதை அப்படியே எழுது" என்றார். அவன் "பயத்துல ஏதோ உளறிட்டேன் சார்" என்று பூசி மெழுகப் பார்த்தான். "உளறினதையே எழுதுய்யா" என்றார். வெள்ளைச் சட்டையின் முழங்கையில் பானட் புழுதி ஒட்ட, அவன் குனிந்து எழுதினான். கடைசியில் போட்ட கையெழுத்தில் பூவெல்லாம் இல்லை.

மாஸ்டரக்கா பக்கத்தில் நின்று கடைசி வரி வரை பார்த்தாள். பார்க்கப் பார்க்க இனித்தது. பாவம் என்று ஒரு துளி தோன்றவில்லை. வெயில்கூட அன்றைக்கு இதமாக இருந்தது.

லைசென்ஸ் நிறுத்தம் ரத்தானது. பரிசோதனையில் விதி மீறி நடந்துகொண்டதற்காகப் பதினைந்து நாள் புதிதாக நிறுத்தம். பதினைந்து நாள் என்றதும் அவள் "ரொம்ப நன்றி சார்" என்று சொன்னதில் இன்ஸ்பெக்டருக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப் தூணில் அடிபட்டது முதல் எல்லாவற்றுக்கும் சர்வீஸ் சென்டரே பொறுப்பு என்று ஆர்டர் வந்தது. சென்ட் பாட்டிலைக் கையெழுத்துப் போடுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். இப்போது மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறானாம், சாதா யூனிஃபார்மில். தம்பி விசாரித்து வந்து சொன்னான். போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

ஆனால் அதற்கு முன் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது.

டெய்லரின் கடையில் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. டெய்லர் கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு ரவிக்கைத் துணி மேல் சாக்பீஸால் கோடு போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கோணிக்கொண்டு போயிருந்தது. மாஸ்டரக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இருவரும் பேசியதே இல்லை.

மாஸ்டரக்கா ஆர்டரின் நகலை மேசையில் வைத்தாள். டெய்லர் அதைத் தொடவில்லை. அப்புறம் பின்னையும் கிளிப்பையும் அதன் மேல் வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விரிப்பு, கிளிப், கடிதம், மேடு, டயர். அன்றைக்குக் காரை எடுக்கும்போது தான் குனிந்து பார்க்காததையும் சொன்னாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டெய்லர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "மிதிச்சானா?"

"மிதிச்சான். மொதல்ல சும்மா. அப்புறம் ரெண்டு காலாலயும். சீட்டை விட்டு எழும்பி, தலை கூரையில முட்ட முட்ட மிதிச்சான்."

டெய்லர் பின்னை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்க சீட்டு முதுகு ஒடிஞ்சு போயிருந்துச்சு அக்கா. அன்னைக்கு என்னைத் தூக்கினப்ப பாத்தேன். மோதினது முன்னாடி, உங்க சீட்டு ஏன் பின்னாடி ஒடிஞ்சுதுன்னு ஆஸ்பத்திரில படுத்து யோசிச்சேன். எனக்குப் புரியல." அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்களும் அப்படித்தான், முதுகை முட்டுக்குடுத்து எழும்பி மிதிச்சிருக்கீங்க."

"அப்படித்தான் மிதிச்சேன்."

"நீங்க மிதிக்கவே இல்லன்னு நான் சொல்லிட்டேனே."

"உனக்கு வண்டி நிக்கல. நீ வேற என்ன சொல்லுவ?" என்றாள் மாஸ்டரக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டெய்லர் இடது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் உண்மையைச் சொன்னதும் வண்டியை நிறுத்திட்டீங்களா?"

"இல்ல. டயர்ல முட்டற வரைக்கும் விட்டேன்."

"நல்லது," என்றாள் டெய்லர். அதை அவள் சொன்ன விதத்தில், இவளும் பென்சில் உடைக்கிற ரகம்தான் என்று மாஸ்டரக்காவுக்குத் தெரிந்துபோனது. "என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? ஓரமா நின்னு பாத்திருப்பேன்."

டெய்லர் பின்னை எடுத்து மேசையின் விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் நுனியில் கிளிப்பை இடது கையால் மாட்டப் பார்த்தாள். இரண்டு தடவை நழுவியது. மாஸ்டரக்கா உதவிக்குப் போகவில்லை. மூன்றாம் தடவை டிக்கென்று உட்கார்ந்தது.

"கட்டு பிரிக்க இன்னும் மூணு வாரம் ஆகுமாம். நான் வரேன் அக்கா," என்றாள். "ஆனா தினமும் நானே குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

"பாரு," என்றாள் மாஸ்டரக்கா. "நீ பாத்ததுக்கப்புறம் நானும் பாப்பேன்."